மாப்பிள்ளை வெளியே தெரிய வேண்டும்

காஞ்சிபுரத்தில் பணம் கொடுத்து வாங்கும் எதுவும் பத்தடி தள்ளி நிற்பவர் கண்ணில் பட வேண்டும். ஜரிகை அதற்காகத்தான். அப்படிப்பட்ட ஊரில், ஒட்டினால் ஒட்டியதே தெரியாத ஒரு பொருளை விற்கத் துணிந்தவன் தாமல் துரைக்கண்ணுவின் மகன் பாலாஜி.

பொருளின் பெயர் செராமிக் ஃபிலிம். கார்க் கண்ணாடியின் உட்புறம் ஒட்டுவது. வெயிலின் சூட்டைத் தடுக்கும், வெளிச்சத்தைத் தடுக்காது. அதில் ஒரு முழுச் சுருளை, அக்கா பொன்னி தலையில் அடித்துக்கொண்டு சொல்லியும் கேட்காமல், தன் பைக்கை விற்று அவன் வாங்கிப் போட்டதையும், செவிலிமேட்டுக் கடையில் அந்தச் சுருள் பிரிக்காத பாயாக மூலையில் நின்றதையும் ஊரே அறியும்.

விற்பனைக்கு அவன் செய்யாத முயற்சியில்லை. கோழிக்குஞ்சுகளுக்குப் போடும் சூட்டு பல்பு ஒன்றை மேஜையில் எரியவிட்டு, அதன் முன்னால் இரண்டு கண்ணாடித் துண்டுகளை நிறுத்தியிருந்தான். வெறும் கண்ணாடிக்குப் பின்னால் கையை வைத்தவர்கள் வெடுக்கென்று இழுத்துக்கொள்வார்கள். செராமிக் ஒட்டிய கண்ணாடிக்குப் பின்னால் கையை வைத்தவர்கள் எடுக்க மறந்து குடும்ப விஷயமெல்லாம் பேசுவார்கள். பிரமாதம் என்பார்கள். பிறகு, கறுப்பு ஃபிலிம் என்ன விலை என்று கேட்பார்கள்.

கடை இருந்த கட்டடம் துரைக்கண்ணுவுடையது. தாமல் ஊராட்சியில் ஒருமுறை துணைத் தலைவராக இருந்தவர். தேர்தல் முடிந்து ஏழெட்டு மாதம்தான் ஆகியிருந்தது, அடுத்தது வர இன்னும் நாலு வருஷத்துக்கு மேல் இருந்தது. ஆனால் அவர் எதையும் கடைசி நேரத்துக்கு வைப்பவரில்லை. அந்த இடத்தில் தமக்கு ஒரு மக்கள் தொடர்பு அலுவலகம் வேண்டும் என்று முடிவு செய்து, கத்திரி வெயில் தொடங்கும் வரை மகனுக்குக் கெடு கொடுத்திருந்தார்.

கத்திரி தொடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் துரைக்கண்ணு வந்து இறங்கினார். கூடவே பெயின்டர் கண்ணாயிரமும் ஒரு டப்பா வெள்ளை பெயின்டும்.

பாலாஜி இன்னும் ஒரு வாரம் கேட்டான்.

"வெயில் வந்தா விக்கும்னு சொன்ன. இதுக்கு மேல வெயிலுக்கு நான் எங்கடா போவறது?" என்றார் துரைக்கண்ணு.

கண்ணாயிரம் அண்ணாந்து போர்டைப் பார்த்தான். 'முன்னாள் ஊராட்சித் துணைத் தலைவர் தாமல் துரைக்கண்ணு அவர்களின் நல்லாசியுடன்' என்பது முக்கால் பலகையை அடைத்திருந்தது. அடியில், பல் விளக்கும் பிரஷ்ஷால் எழுதியது போல, 'பாலாஜி கார் ஃபிலிம்ஸ்' என்று இருந்தது. அடிவரியை மட்டும் அழித்தால் போதும், அரை மணி நேர வேலை என்று கண்ணாயிரம் கணக்குச் சொன்னான்.

பொன்னி தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கணவன் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் ஷிப்டுக்குப் போன நேரத்தில் கல்லாவில் உட்கார்ந்து ஒத்தாசை செய்யலாம் என்று வந்தவள் அவள். வந்த இரண்டாம் மாதமே, தம்பி ஒட்டிய ஃபிலிமில் தெரிந்த குமிழிகளைப் பொறுக்காமல், ஃபிலிமை நீவும் ரப்பர் பட்டையை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒட்டுவது அவள், பேசுவது அவன் என்று ஆனது. பேச்சு அவனுக்கும் குமிழி இல்லாமல்தான் வந்தது. வாங்கத்தான் ஆளில்லை.

கண்ணாயிரம் ஏணியைச் சாய்த்தபோது, வாசலில் ஒரு வெள்ளைக் கார் கிறீச்சிட்டு நின்றது.

வெள்ளை என்பது தகரத்துக்குத்தான். பக்கக் கண்ணாடிகளும் பின் கண்ணாடியும் கரிச்சட்டியைக் கவிழ்த்தாற்போல் இருந்தன. இரண்டு வாரம் முன்பு பாலாஜி கடையிலேயே ஒட்டியது. இவ்வளவு கறுப்பு வேண்டாம் சார், போலீஸ்காரர் நிறுத்துவார் என்று அவன் அப்போது சொல்லிப் பார்த்தான். நிறுத்தினால்தானே யார் என்று கேட்பார், கேட்டால்தானே சொல்ல முடியும் என்று வண்டிக்காரர் பதில் சொன்னார்.

அவர் பெயர் பாச்சா. சின்ன காஞ்சிபுரம். ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மண்டல மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தம்மை அறிமுகம் செய்துகொள்ளும்போது 'ஓய்வு பெற்ற' என்ற பகுதியை மட்டும் மனத்துக்குள் சொல்லிக்கொள்வார். மறுநாள் அவருடைய ஒரே பெண் ஸௌம்யாவுக்குக் கல்யாணம்.

இறங்கியவர் முகத்தில் கல்யாணக் களை இல்லை.

"பாலாஜி, ஜானவாசத்துக்குச் சொல்லியிருந்த ஓபன் கார் சுங்குவார்சத்திரத்துல நின்னுடுத்து. பானெட்லேர்ந்து புகை வரதாம்."

ஜானவாசம் என்பது கல்யாணத்துக்கு முந்தின நாள், பெண் வீட்டார் மாப்பிள்ளையைக் கோட்டும் சூட்டுமாகத் திறந்த காரில் உட்கார வைத்து, நாயனத்தோடு தெரு வழியாக மண்டபத்துக்கு அழைத்து வருவது. ஊர் மாப்பிள்ளையைப் பார்க்க வேண்டும். பெண் வீட்டார் எப்படிப்பட்ட இடத்தைப் பிடித்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் சென்னையிலிருந்து, வெல்வெட் குடையோடு, ஒரு பழங்காலத் திறந்த காரைப் பாச்சா வரவழைத்தார். முகூர்த்த நாளாதலால் வேறு கார் எங்கும் இல்லை. மிச்சம் இருந்தது இந்தப் புதுக் கார் ஒன்றுதான்.

"நாமகிரியை உள்ளே உட்கார வெச்சு வெளியிலேர்ந்து பார்த்தேன்" என்றார் பாச்சா. நாமகிரி அவர் மனைவி. "இருக்காளா இல்லையான்னே தெரியலை. நாயனத்துக்குப் பின்னால காலி வண்டி போறாப்ல இருக்கும்."

பொன்னி சிரிப்பை அடக்கப் போய் முறத்தைக் கீழே போட்டாள். அதைச் சமாளிக்க, மாப்பிள்ளையை முன் சீட்டில் உட்கார வைக்கலாமே என்று யோசனை சொன்னாள்.

"டிரைவருக்குப் பக்கத்துலயா?" பாச்சா அதிர்ந்து போனார். "சம்பந்தி அப்படியே வண்டியைத் திருப்பிண்டு மெட்ராஸ் போயிடுவார்."

அப்படியானால் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போகலாம் என்றார் துரைக்கண்ணு. அதற்கும் வழியில்லை. மாப்பிள்ளை வசிஷ்ட் அமெரிக்காவில் எப்போதும் மழை பெய்யும் ஒரு ஊரிலிருந்து வந்து நாலு நாள்தான் ஆகிறது. வந்த மறுநாளே வெயிலில் மூக்கில் ரத்தம் கண்டது. பிள்ளை மேல் வெயில் படக் கூடாது என்று சம்பந்தியம்மாள் உத்தரவு போட்டிருந்தாள். குடை இருக்கிறது என்று காட்டித்தான் திறந்த காருக்கே சம்மதம் வாங்கினார்கள். மாலை ஆறு மணிக்குமேல் ஊர்வலம் விட்டால் வெயில் தணியும். ஆனால் ஆறரைக்குப் பெரிய மனிதர்கள் வருகிற வரவேற்பு. அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை ராகு காலம். ஆகவே நாலு மணிக்கே கிளம்பி, நாலரைக்குள் மாப்பிள்ளை மண்டபத்தில் இறங்கியாக வேண்டும் என்று பாச்சாவே நேரம் குறித்திருந்தார்.

எல்லாம் சொல்லிவிட்டு, "இந்தக் கறுப்பை உரிச்சுடு. அது போறும்" என்றார்.

உரிப்பது சுலபம். ஆனால் வெறும் கண்ணாடிக்குள், ஆள் நடக்கும் வேகத்தில், மேற்கு வெயிலைப் பார்த்துக்கொண்டு, மூன்று துணி அடுக்கிய சூட்டில் ஒருவன் உட்கார்ந்து போனால் மண்டபத்தில் இறங்குவது மாப்பிள்ளையாக இருக்காது, சுட்ட அப்பளமாக இருக்கும். வண்டி ஊர்ந்தால் ஏசியும் ஊரும். பாலாஜி இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தான். பொன்னி அவன் காலை மிதித்தாள். அவன் வாயை மூடிக்கொண்டு, மேஜை மேல் இருந்த பல்பைப் போட்டான்.

பாச்சா வெறும் கண்ணாடிக்குப் பின்னால் கையை வைத்தார். இழுத்துக்கொண்டார். அடுத்த கண்ணாடிக்குப் பின்னால் வைத்தார். எடுக்கவில்லை. குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"பல்பு தெரியறதே."

"தெரியும் சார்."

"மாப்பிள்ளையும்?"

"மாப்பிள்ளையும்."

காஞ்சிபுரத்தில் செராமிக் ஃபிலிம் முதல் முறையாக விலை போனது, அது சூட்டைத் தடுக்கும் என்பதற்காக அல்ல, ஆளை மறைக்காது என்பதற்காக.

பாச்சா மண்டபத்துக்கு ஆட்டோ பிடித்துப் போனதும், பாலாஜி அப்பாவிடம் திரும்பினான். நாலு மணி வரை கண்ணாயிரம் பிரஷ்ஷைத் தொடக் கூடாது என்றான்.

"நல்லா வந்தா சரி. சந்நிதித் தெரு பூரா பாக்க மாப்பிள்ளை மூஞ்சிக்கு நேரா குமிழி குமிழியா நின்னுதுன்னு வை, போர்ட நான் அழிக்க வேணாம், ஊரே வந்து அழிக்கும்" என்றார் துரைக்கண்ணு. அதில் தப்பு ஒன்றும் இல்லை என்று மற்றவர்களுக்கும் தெரிந்திருந்தது.

பக்கக் கண்ணாடிகள் பிரச்சினை செய்யவில்லை. பின் கண்ணாடிதான் முரண்டு பிடித்தது. அதன் உட்புறம் சூடேற்றும் கம்பிக் கோடுகள் ஓடுகின்றன. பிளேடு பட்டால் போச்சு. பசையைச் சூட்டில் இளக்கி, ஃபிலிமை முழுசாகத் தூக்க வேண்டும். வெயிலில் நிறுத்தி, கண்ணாடி மேல் கறுப்பாக எதையாவது போர்த்தினால் சூடு ஏறும். கறுப்புப் பாலிதீன் வாங்கப் போனால் ஞாயிற்றுக்கிழமை, பாதிக் கடை மூடியிருந்தது.

பொன்னி கொஞ்சம் யோசித்துவிட்டுப் பின் அறைக்குப் போனாள். கை நிறையக் கறுப்புக் கொடிகளோடு வந்தாள்.

மாசி மாதம் தாமல் ஏரியில் உபரி நீர் வழியும் கலங்கலைப் பார்வையிட ஒரு அமைச்சர் வருவதாக இருந்தது. எதிர்ப்புக் காட்ட துரைக்கண்ணு இவற்றைத் தைத்து வைத்தார். அமைச்சர் வரவில்லை. அதனால் எதிர்ப்பும் வரவில்லை.

"அது போராட்டத்துக்கு வெச்சதும்மா" என்றார் துரைக்கண்ணு, அடிபட்ட குரலில்.

"இது மட்டும் இன்னாபா, விருந்தா?" என்று பொன்னி கொடிகளைப் பின் கண்ணாடி மேல் வரிசையாகப் பரப்பினாள். உள்ளே சோப்புத் தண்ணீர் அடித்துக் கதவுகளைச் சாத்தினாள். கத்திரி வெயில் மீதி வேலையைச் செய்யத் தொடங்கியது. மூன்று மாதமாகச் செராமிக்கை விற்றுத் தராத வெயில், அன்றைக்குத்தான் சம்பளம் இல்லாமல் வேலைக்கு வந்தது.

இந்தச் சமயம் பார்த்துப் பாச்சா திரும்பி வந்தார். ஆட்டோவிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தவர், மறு காலை வைக்க மறந்தார். தம் பெண்ணின் கல்யாணக் கார் முதுகெல்லாம் கறுப்புக் கொடி போர்த்திக்கொண்டு நடு வெயிலில் நிற்கிறது. பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் ஒரு அரசியல்வாதி கைகட்டி நிற்கிறார்.

துரைக்கண்ணு ஓடிப்போய்ப் பாச்சாவின் தோளைப் பிடித்தார்.

"பயப்படாதீங்க சாமி. எல்லாம் புதுக் கொடிதான். ஒரு ஆளுக்கும் இன்னும் காட்டல."

பொன்னி கொடிகளை எடுத்துவிட்டு, பின் சீட்டில் முழங்கால் போட்டு, கறுப்பு ஃபிலிமின் ஒரு மூலையை நகத்தால் நெம்பினாள். அது தோசை கல்லை விட்டு எழும்புவது போல மெல்ல, முழுசாக, கிழியாமல் வந்தது. கண்ணாயிரம் தன்னை மறந்து கைதட்டினான். பாச்சாவும் தட்டப் போய், பாதியில் நிறுத்தினார். உரிந்த ஃபிலிமோடு ஒரு நாமமும் போய்க்கொண்டிருந்தது.

மழையில் நனையக் கூடாதென்று ஸ்டிக்கர் நாமத்தை அவர் உட்புறமாக ஃபிலிம் மேலேயே ஒட்டியிருந்தார். கறுப்பில் அது வெளியே தெரியாதது வேறு விஷயம். நாமம் இல்லாத வண்டியில் மாப்பிள்ளையை எப்படி அழைப்பது? உடனே ஒன்று வாங்கி வர வேண்டும். அவருக்கோ பஞ்சகச்சம் கட்டிக்கொள்ள நேரமாகிவிட்டது. பாலாஜியும் பொன்னியும் கையெடுக்க முடியாது. துரைக்கண்ணு, பொதுச் சேவை என்று வந்துவிட்டால் தாம் பின்வாங்குவதில்லை என்று கூறி, மொபெட்டை உதைத்துக் கிளம்பினார்.

பிறகு வேலை. தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கினார்கள். பாலாஜி முன் கண்ணாடி உட்பட எல்லாக் கண்ணாடிக்கும் வெளிப்பக்கம் ஃபிலிமை வைத்து அளவு வெட்டினான். வளைவான பின் கண்ணாடிக்கு ஏற்ப அது படிய, சூட்டுக் காற்றுத் துப்பாக்கியைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டியிருந்தது. போர்டை அழிக்க வந்த கண்ணாயிரம் அதைப் பிடித்தான். அவன் கை எழுத்துக்காரன் கை, நடுங்கவில்லை. குழந்தை ஷாம்பூ கலந்த தண்ணீரைத் தெளித்து, பொன்னி மல்லாந்து படுத்தபடி ரப்பர் பட்டையை நடுவிலிருந்து ஓரத்துக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்கு என்று ஓட்டினாள். தண்ணீர் கண்ணாடி ஓரமாக வழிந்து அவள் முழங்கையில் இறங்கியது. பேச்சுக்காரனான பாலாஜி அந்த நேரம் முழுவதும் பேசவில்லை. அது அவன் வாழ்வில் ஒரு சாதனை.

முடித்துவிட்டு வெளியே வந்து பார்த்தார்கள். கார் வெறும் கண்ணாடியோடு நிற்பது போல இருந்தது.

"இன்னாடா இது, ஒண்ணுமே செய்யாத மாதிரி இருக்குது" என்றான் கண்ணாயிரம், ஏமாற்றத்தோடு.

பாலாஜிக்குக் கண் கலங்கிவிட்டது. அதைவிடப் பெரிய பாராட்டு அந்தத் தொழிலில் கிடையாது.

பொன்னி மட்டும் பின் கண்ணாடியின் வலது கீழ் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அரிசி அளவுக்கு ஒரே ஒரு குமிழி. இனி கை வைத்தால் மொத்தமும் கெடும். வண்டியை ஜோடிப்பவர்களிடம் மல்லிகைச் சரத்தை அந்த மூலையில் கொஞ்சம் தாழ்வாக விடச் சொன்னாள். துரைக்கண்ணு கொண்டுவந்த நாமத்தைப் பின் கண்ணாடியின் வெளிப்பக்கம், நட்ட நடுவில், தூக்கிப் பிடித்தாற்போல் ஒட்டினாள். புதிதாக ஒட்டிய ஃபிலிம் காயும் வரை எந்தக் கண்ணாடியையும் இறக்கக் கூடாது. ஆகவே வண்டியைப் பாலாஜியே ஓட்ட வேண்டியிருந்தது.

ஆஞ்சநேயர் சந்நிதி வாசலில் மாப்பிள்ளை தயாராக நின்றான். சாம்பல் நிற சூட், டை, கழுத்தில் மாலை, முகத்தில் தூக்குத் தண்டனை. வியர்வை காலரில் இறங்கியிருந்தது. பின் கதவைத் திறந்து உட்கார்த்தி வைத்தார்கள். உறவுக் குழந்தைகள் நாலு பேர் அவனைச் சுற்றி அடைத்துக்கொண்டார்கள். முன் சீட்டில், யாரும் கூப்பிடாமலேயே, துரைக்கண்ணு ஏறி அமர்ந்து சட்டையை நீவிக்கொண்டார்.

நாமகிரி ஆரத்தித் தட்டோடு வண்டியைச் சுற்றி வந்தாள். பின் பக்கம் வந்ததும் நின்றாள்.

"ஏன்னா, செத்த இங்கே வாங்கோ" என்றாள். சத்தமில்லாத அழைப்பு. முப்பது வருஷ தாம்பத்தியத்தில் அந்தக் குரலுக்குப் பாச்சா இரண்டு தடவைதான் ஓடியிருந்தார்.

பெண் வீடும் பிள்ளை வீடும் வடகலை; அவர்கள் நாமத்துக்குப் பாதம் கிடையாது, நடுக்கோடு மஞ்சள். பின் கண்ணாடியில், அடியில் பாதத்தோடு, ஜம்மென்று ஒரு தென்கலை நாமம் வீற்றிருந்தது. வேறு ஊரென்றால் அது ஸ்டிக்கர். இந்த ஊரில் அது வழக்கு. எத்தனையோ தலைமுறை கோர்ட்டுக்குப் போய் வந்த விவகாரத்தை, துரைக்கண்ணு மொபெட்டில் போய் வாங்கி வந்திருந்தார்.

பாச்சா முன் கதவைத் திறந்து, தணிந்த குரலில் விவரம் கேட்டார். துரைக்கண்ணுவுக்குக் குற்றம் புரியவில்லை. பாராட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தார்.

"ரெண்டு தினுசு வெச்சிருந்தான் சாமி. அதுல பாதம் கிடையாது. இது பாதத்தோட, அதே விலை. சும்மா வுடுவேனா?"

சம்பந்தி இருபதடி தள்ளி வீடியோக்காரனிடம் தம் வலப் பக்கத்தை எடுக்கும்படி விளக்கிக்கொண்டிருந்தார். அவர் திரும்ப அரை நிமிடம் இருக்கலாம். பாச்சா பஞ்சகச்சத்தைப் பிடித்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தார். நாமகிரி ஆகாயத்தைப் பார்க்கவில்லை. பொன்னியைப் பார்த்தாள்.

"பிளேடு வெச்சிருக்கியாம்மா?"

பொன்னி இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நாமகிரி பாதத்தைச் சுத்தமாக நறுக்கி எடுத்தாள். நடுவிலிருந்த சிவப்புக் கோட்டின் மேல் தட்டிலிருந்து மஞ்சளைக் குழைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். இரண்டு அடி பின்னால் போய்ப் பார்த்தாள்.

"அடி கொஞ்சம் கூரா இருக்கு. போறது, பெருமாளுக்குத் தெரியும்" என்று பொன்னிக்கு மட்டும் கேட்கும்படி சொல்லி, ஆரத்தியைச் சுற்றி முடித்தாள்.

நாயனம் எடுத்தது. வண்டி நகர்ந்தது.

வெயில் நேர் எதிரே. தவில்காரர் முதுகில் ஜிப்பா ஒட்டிக்கொண்டது. சம்பந்தி நடந்து வந்தார், கைக்குட்டை மாற்றிக் கைக்குட்டை நனைந்தது. பட்டுப் புடவைகள் எல்லாம் உள்ளே கொதித்தன. வண்டிக்குள் மட்டும் மார்கழி. முதல் ஐம்பதடிக்குள் மாப்பிள்ளையின் நெற்றி காய்ந்தது. அடுத்த ஐம்பதில் தோள் இறங்கியது. தெரு முனை திரும்பும்போது அவன் சிரித்தான். நாலு நாளில் அந்தச் சிரிப்பை அவன் தாயாரே பார்த்ததில்லை.

தெரு அவனை முழுசாகப் பார்த்தது. கண்ணாடி அறையில் எழுந்தருளியிருக்கும் உற்சவரைப் போல, நாலு பக்கமும் தெரிந்தான். வாசலுக்கு வாசல் விமர்சனமும் எழுந்தது. மூக்கு நன்றாக இருக்கிறது என்றார்கள் ஒரு வீட்டில். முன் மண்டையில் கொஞ்சம் குறைவு என்றார்கள் அடுத்த வீட்டில். கறுப்பு ஃபிலிமாக இருந்திருந்தால் இது வெளிவந்திருக்காது என்று பாச்சாவுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் கார் போன பிறகு எல்லா வீட்டிலும் கேட்ட கேள்வி ஒன்றுதான். இந்த வெயிலில், அந்தப் பிள்ளைக்கு மட்டும் எப்படி வேர்க்கவில்லை?

முன் சீட்டில் இன்னொரு அதிசயம் நடந்தது. துரைக்கண்ணு வழக்கம்போல் இரு கை கூப்பினார். தெருவே பதிலுக்குக் கூப்பியது. அது மாப்பிள்ளைக்கு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. தேர்தலில் வேர்க்க வேர்க்க நடந்தபோதுகூட இத்தனை கை எழும்பியதில்லை. அவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி கூப்பினார்.

மண்டப வாசலில் ராகு காலத்துக்குப் பத்து நிமிடம் இருக்க வண்டி நின்றது. ஆரத்தி தயார். நாயனம் உச்சத்தில். பாச்சா கதவைத் திறந்தார். வெளிக்காற்று ஒரு வீச்சு உள்ளே அடித்தது. மாப்பிள்ளை கதவை மெதுவாக இழுத்துச் சாத்திக்கொண்டான்.

"அண்ணா, இன்னும் ஒரு ரவுண்டு போலாமா?" என்று பாலாஜியைக் கேட்டான். நாலு குழந்தைகளும் அதை ஆமோதித்தன.

ராகு காலம் பிறந்துவிட்டால் ஆறு மணி வரை மாப்பிள்ளை இறங்க முடியாது. பாச்சா கண்ணாடிக்கு வெளியே வாயசைத்துக் கெஞ்சினார். சம்பந்தி கைக்குட்டையை ஆட்டினார். குளிர்ந்த சீட்டில் மாப்பிள்ளை இருவருக்கும் அன்போடு கையசைத்தான்.

நாமகிரி முன் பக்கம் வந்து, கண்ணாடியைத் தட்டி, பாலாஜிக்கு ஒரே ஒரு சைகை செய்தாள். அவன் ஏசியை அணைத்தான். மாப்பிள்ளை இறங்கிவிட்டான்.

அன்று மாலை வரவேற்பில் பாச்சா மேடைக்குக் கீழே நின்று பெரிய மனிதர்களை வரவேற்றார். பட்டுக் கடை முதலாளி, மூன்று கார் வைத்திருக்கும் டாக்டர், ரைஸ் மில் அதிபர் என்று வந்தவர்கள் எல்லோரும் மாப்பிள்ளையைவிட மாப்பிள்ளைக்கு வேர்க்காததைப் பற்றியே விசாரித்தார்கள்.

"ஓபன் காரெல்லாம் பழசாயிடுத்து சார். வரேன்னு சொன்னதை நான்தான் வேண்டாம்னு நிறுத்தினேன்" என்றார் பாச்சா. "செராமிக்தான் போடணும்னு அந்தப் பையன்கிட்ட முன்னாடியே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

பந்திக்குக் காத்திருந்த பாலாஜி துள்ளி எழுந்தான். பொன்னி அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"வுடுடா. சம்பளம் கேக்காத சேல்ஸ்மேன் கெடச்சிருக்காரு. அவரு வாயால ஊரு பூரா வாங்கப் போவுது."

அதன்படியே, டாக்டர் தம் மூன்று கார்களுக்கும் மறுநாளே நேரம் கேட்டார். ரைஸ் மில்காரர், டாக்டருக்கு முந்தித் தமக்கு வேண்டும் என்றார்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் சித்தப்பா பொன்னியிடம் வந்தார். சென்னையில் புதுக் கார் விற்கும் பெரிய ஷோரூம் நடத்துகிறவர். ஊர்வலத்தில் மற்றவர்கள் மாப்பிள்ளையைப் பார்த்தபோது இவர் மட்டும் பின் கண்ணாடியை விரலால் தடவிக்கொண்டே வந்ததை அவள் கவனித்திருந்தாள். மல்லிகைச் சரத்தை விலக்கி மூலையையும் பார்த்துவிட்டார். பிடிபட்டோம் என்றே நினைத்தாள்.

"ஒரே ஒரு குமிழி. எங்க ஆளுங்க ஒட்டினா ஒரு படி இருக்கும்" என்றார் அவர். யார் ஒட்டியது என்று கேட்டார். தான்தான் என்றாள். ஒரு விசிட்டிங் கார்டை நீட்டி, தம்பியிடம் கேட்டுக்கொண்டு வா என்று சொல்லாமல், முதல் தேதிக்கு எங்கள் ஷோரூமில் வேலைக்கு வா என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைக்குத் திரும்பியபோது நன்றாக இருட்டி, தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கண்ணாயிரம் ஏணியிலேயே உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். வந்த வேலைக்கு ஒரு முடிவு தெரியாமல் போவதில்லை என்று அவனுக்கு ஒரு கொள்கை.

துரைக்கண்ணு போர்டை வெகு நேரம் பார்த்தார்.

"ஆபீஸ்ல உக்காந்தா எவன்டா வந்து பாக்கறான்" என்றார் கடைசியில். "நம்மதான் போவணும், ஜனம் பாக்கணும். என் ஜீப்புக்கு நாளைக்கே இத ஒட்டிடு. டாக்டருக்கெல்லாம் அப்பறம். உள்ள மூஞ்சிக்கு நேரா ஒரு லைட்டும் போட்டுடு."

பாலாஜி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பு நிற்காமல் இருமலாக மாறியது. துரைக்கண்ணு, தாம் சொன்னதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியாமல், பெருமையாகத் தாமும் சிரித்து வைத்தார்.

போர்டில் புதிதாக ஒரு வரி எழுதலாம் என்று தீர்மானமாயிற்று. வாசகத்தைப் பாலாஜி சொல்லச் சொல்ல, கண்ணாயிரம் சாக்பீஸால் கோடு போட்டான். 'ஒட்டியது தெரியாது. உட்கார்ந்தவர் தெரிவார்.' துரைக்கண்ணுவுக்குப் பிடித்துவிட்டது. தம் பெயருக்கு மேலே போகாமல் பார்த்துக்கொள்ளும்படி மட்டும் கேட்டுக்கொண்டார்.

"கடை பேரையும் மாத்தி எழுதுண்ணே" என்றான் பாலாஜி. "பொன்னி – பாலாஜி கார் ஃபிலிம்ஸ். அக்கா பேரு மொதல்ல வரணும். அது கை இல்லன்னா இந்தக் கடையே இல்ல."

கண்ணாயிரம் பிரஷ்ஷைப் பெயின்டில் தோய்த்தான். மூவரும் திரும்பிப் பொன்னியைப் பார்த்தார்கள்.

அவள் விரல் இடுப்புச் செருகலைத் தொட்டது. பிளேடு இருக்க வேண்டிய இடத்தில் ஷோரூம்காரர் கொடுத்த கார்டின் ஓரம் குத்தியது.

"எழுத்துக்கு இன்னா அவசரம்ண்ணே," என்றாள் அவள். "பெயின்ட மூடி வை. நாளைக்குச் சொல்றேன்."